குழாயைத் திறந்தால் போதுமா?

கேள்வி: சித்தூர்–திருப்பதி சாலையில் பால், பெட்ரோல், கேஸ், சிமென்ட் என டேங்கர் மேல் டேங்கராகப் போகிறதே... குழாயைத் திறந்தால் எல்லாமே கொட்டிவிடுமா? (வாசகர், சித்தூர்)

பதில்: பெட்ரோல் கொட்டும். எர்த் கம்பி மாட்டி வால்வைத் திறந்தால், நிலத்தடித் தொட்டிக்குத் தானே இறங்கிவிடும். சிமென்டைக் காற்றழுத்தத்தால் ஊதித் தள்ள வேண்டும். கேஸை இறக்க பம்போ கம்ப்ரஸரோ வேண்டும். அப்போதும் உள்ளே கொஞ்சம் ஆவி மிஞ்சும்.

பாலுக்குத்தான் மாப்பிள்ளை பார்ப்பதுபோல விசாரணை! மேல்மூடியைத் திறந்து, நீளத் தண்டால் அடிவரை கலக்கி, மாதிரி எடுத்து, கொழுப்பும் கலப்படமும் பார்த்துத் தேறினால்தான் பம்ப் ஓடும். கலக்காமல் மொண்டால் மேலே நிற்கும் ஏடுதான் மாதிரியில் வரும்.

திருப்பதி லட்டுப் பிரசாதத்துக்கான நெய்யும் திருமலைக்கு டேங்கரில்தான் ஏறுகிறது. 2024 ஜூலையில் அதன் மாதிரிகள் குஜராத்தின் ஆனந்த் ஆய்வகம் வரை போயின. 4 டேங்கர் நெய் வேண்டாமென்று தள்ளப்பட்டது. இறக்குமுன் காத்திருக்கும் நேரத்தை ஓட்டுநர் நொந்துகொள்ளலாம். பிரசாதம் சாப்பிடுகிற நாம் அந்தச் சோதனையைக் கறாராகக் கேட்க வேண்டும்.