கெடுவான் ‘கெடு’ நினைப்பான்

மதுரை வாசகர்: கிராஃபிக் நாவலை எழுதுவது கஷ்டமா, வரைவது கஷ்டமா?

எழுதுவதுதான் என்று எழுதியவர் சொல்வார். வரைந்தவரைக் கேட்க முடியாது, இன்னும் வரைந்துகொண்டிருப்பார்.

‘கலைப்பித்தன்’, தஞ்சாவூர்: கதையில் குதிரைப்படை வருகிறது. எனக்குக் குதிரை வரைய வராது. வெள்ளிக்கிழமை கெடு!

புழுதியைக் கிளப்புங்கள்.

சேலம் வாசகி: பெரிய பெரிய ஓவியர்களும் கெடுவுக்குத் திண்டாடியதுண்டா?

அதை ஏன் கேட்கிறீர்கள்! முதுகில் பொன்னாடையோடு பறக்கும் சூப்பர் ஹீரோ ஆசாமிகளை எனக்கு மேடையிலும் பிடிக்காது, காமிக்ஸிலும் பிடிக்காது. அந்த ஆசாமிகளையே கிழித்துத் தொங்கவிட்டதால் ‘வாட்ச்மென்’ மட்டும் விதிவிலக்கு. 1986-ல் தொடங்கிய 12 இதழ் தொடர். எழுத்தாளர் ஆலன் மூர் முதல் இதழுக்கு மட்டும் 101 பக்கம் டைப் அடித்து அனுப்பினார். ஆஹா, கர்ணன் பரம்பரை என்று ஓவியர் டேவ் கிப்பன்ஸ் மகிழ்ந்திருப்பார். போகப் போக ஸ்கிரிப்ட் ஒரு தடவைக்கு இரண்டு மூன்று தாளாகத் தேய்ந்தது. கெடு நெருங்கினால் அதைக் கொடுத்து வர 50 மைலுக்கு டாக்ஸி அமர்த்தினார் மூர்! நம் மெகா சீரியல்களிலும் அன்றைய வசனம் அன்றைக்குத்தான் வருமாம். ஆனால் மூரின் மூன்று தாளில் ஏதாவது நடந்துவிடும்.

பென்சில், மை, பலூனுக்குள் எழுத்து எல்லாம் கிப்பன்ஸ் ஒருவரே. பக்கத்துக்கு ஒன்பது கட்டம் என்பது அடிப்படைக் கணக்கு. நேரம் போதாமல் மனைவியையும் மகனையும் உட்காரவைத்துக் கட்டம் போட்டு வாங்கியிருக்கிறார். அப்படியும் கடைசி இதழ் தாமதம்தான். குடும்பக் கலை என்றால் இதல்லவா!

ஈரோடு வாசகர்: ஏ.ஐ.யிடம் கொடுத்தால் ஒரே ராத்திரியில் முடிந்துவிடுமே?

முடியும். படிக்கவும் அதையே விட்டுவிடலாம்.

வேலூர் வாசகர்: ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?

24 மணி நேரத்தில் 24 பக்கம் என்று 1990-ல் ஒரு சவாலைக் கிளப்பிவிட்டார் காமிக்ஸ் ஓவியர் ஸ்காட் மெக்ளவுட். மணிக்கு ஒன்று. குளியல் உங்கள் பொறுப்பு.

பெயர் வேண்டாம், கோவை: இன்னும் 30 பக்கம் மை போட வேண்டும். ஆறு வாரம்தான் இருக்கிறது. மணிக்கட்டு வலி வேறு. பதிப்பாளரிடம் சொல்லப் பயமாக இருக்கிறது.

இன்றைக்கே போன் செய்யுங்கள். இப்போது சொன்னால் அச்சகத் தேதியைத் தள்ளிவைக்க வழியுண்டு. கடைசி வாரத்தில் சொன்னால் சண்டைதான் மிஞ்சும். புத்தகத்தை இரண்டாகப் பிரிக்க முடியுமா என்றும் கேளுங்கள். ஆர்ட் ஸ்பீகல்மேன் எலிகளை வைத்துச் சொன்ன ‘மௌஸ்’ கதையின் முதல் ஆறு அத்தியாயங்களை 1986-லேயே புத்தகமாக்கினார். ஸ்பீல்பெர்க் தயாரித்த எலிப் படம் முந்திக்கொண்டால், தன்னுடையதைக் காப்பி என்பார்களே என்ற கவலை. இரண்டாம் பாகம் 1991-ல் வந்தது. 1992-ல் புலிட்சர் சிறப்பு விருது.

மை போடும்போது முகத்தையும் கைகளையும் முதலில் முடித்துவிடுங்கள். செங்கல் செங்கலாகச் சுவர் எழுப்ப வேண்டாம். இடம் எது என்று பக்கத்தில் ஒருமுறை காட்டிவிட்டால், மற்றக் கட்டங்களின் பின்னணியை வெள்ளையாக விடலாம். கறுப்பு நிரப்பும் வேலையை நண்பரிடம் தள்ளுங்கள். அதற்கெல்லாம் முன்னால் டாக்டரிடம் மணிக்கட்டைக் காட்டுங்கள். வலியோடு கண்விழித்து வரையாதீர்கள், தயவுசெய்து.

நெல்லை வாசகர்: கெடுவை நீட்டிக்க நல்ல பொய் ஒன்று சொல்லுங்களேன்?

பாட்டி போய்விட்டார் என்று மட்டும் சொல்லாதீர்கள். போன புத்தகத்தையே அவர் நினைவுக்குத்தானே சமர்ப்பித்தீர்கள்?