மலை ஏற அனுமதிச் சீட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

  

"மலையில பொறந்த பய, லீவு கிடைச்சா மறுபடியும் மலையைப் பார்க்கவா போவான்?"னு போன்ல கேட்டீங்க. முதலாளி பக்கத்துல நின்னதால அன்னைக்குப் பதில் சொல்ல முடியலை. கடல் எனக்குப் புளிச்சுப் போச்சும்மா. ஸ்பெயின்ல இந்த மாலாகாவுல பஸ்ஸை விட்டு இறங்கினா கடல்தான். அதான் கூட வேலை செய்யிற மொரோக்கோக்காரப் பையனோட மலைப்பக்கம் கிளம்பிட்டேன்.

முதல்ல ரொண்டாங்கிற பழைய ஊர். பெரிய பாறை ரெண்டா பிளந்து கிடக்கு. அடியில குவாதலெவின் ஆறு, மேல ரெண்டு விளிம்பிலயும் வீடுகள். 1735ல ஒரு பாலம் கட்டியிருக்காங்க. ஆறே வருசத்துல இடிஞ்சு விழுந்து அம்பது பேர் வரைக்கும் செத்தாங்களாம். அடுத்த பாலத்தை 1793லதான் முடிச்சிருக்காங்க. நடு வளைவுக்கு மேல ஒரு அறை, ஒரு காலத்துல ஜெயிலாம். சனமெல்லாம் கம்பியைப் பிடிச்சு எட்டிப் பார்த்து வாய் பிளந்துச்சு. உயரம் 98 மீட்டர். "எங்க இலங்கையில இறம்பொடை அருவி 109 மீட்டர்"னு நான் சத்தமாவே சொன்னேன். தமிழ்ல சொன்னதால யாரும் சண்டைக்கு வரலை.

அங்கேருந்து கிராசலேமா. வெள்ளைச் சுண்ணாம்பு அடிச்ச வீடு, சிவப்பு ஓடு, சுத்திவர மலை. அந்த மலையை 1977ல யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமா ஏத்துக்கிச்சு. 1984ல இயற்கைப் பூங்கா ஆக்கினாங்க. அட்லாண்டிக் கடல்லேருந்து வர்ற மேகம் வந்து முட்டுறது அங்கேதான். ஸ்பெயின்லயே ரொம்ப மழை பெய்யிற ஊர்கள்ல அதுவும் ஒண்ணு. வருசத்துக்குச் சுமார் 2000 மில்லிமீட்டர். தங்கின வீட்டுக்காரம்மா அதைச் சொல்றப்ப என்ன பெருமைங்கிறீங்க! நம்ம வட்டவளையில 5000 தாண்டும்னேன். பாவம்னு நெனச்சிருக்கணும், எனக்கு மட்டும் இன்னொரு கோப்பை சூப் வந்துச்சு.

இனிதான் விசயமே. அந்த மலையில பின்சாப்போன்னு ஒரு மரம் இருக்கு. ஊசி இலை, பார்த்தா கிறிஸ்மஸ் மரத்தோட பெரியப்பா மாதிரி. பனியுகத்துலேருந்து தப்பிப் பிழைச்சு, ஸ்பெயின்ல தெக்குப் பக்கம் ரெண்டு மூணு மலையில மட்டும் நிக்குது. அந்தக் காட்டுக்குள்ள நடக்க அனுமதிச் சீட்டு வேணும்மா! ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான்னு கணக்கு. பேரு, திகதி, எத்தனை ஆள், எல்லாம் முன்கூட்டியே சொல்லணும். ஜூன்லேருந்து அக்டோபர் நடுப்பகுதி வரைக்கும் நெனச்சபடி போகவே முடியாது. காஞ்சு கிடக்கிற காடு தீப்பிடிச்சிருமாம். மழைக்குப் பேர் போன ஊர்ல!

நீங்க காலம் பூரா தேயிலைக் கூடையை மாட்டிக்கிட்டு மலை ஏறினீங்களே, யாராவது சீட்டுக் கேட்டாங்களா? ஏறாத அன்னைக்குத்தான் கங்காணி கேள்வி கேட்டாரு, அரைப்பேர் போட்டுப் பாதிச் சம்பளத்தை வெட்டினாரு.

நான் அந்தச் சீட்டை ரெண்டு பிரதி எடுத்து, பிளாஸ்டிக் உறையில போட்டு, ராத்திரி தலகாணிக்கு அடியில வச்சுப் படுத்தேன். காட்டுக்குள்ள ஒவ்வொரு வளைவுலயும் பையன் "சீட்டு இருக்கா?"ங்கிறான், நான் சட்டைப் பையைத் தட்டிக் காட்டுறேன். சாயந்தரம் வரைக்கும் ஒரு மனுசன் கேட்கலை. பொறுக்க முடியாம, பாறை மேல நின்ன காட்டாடு ஒண்ணுக்கிட்ட நீட்டிக் காட்டினேன். அது மோந்துகூடப் பார்க்காம செங்குத்தா ஏறிப் போயிருச்சு. அதுக்குச் சீட்டு வேணாம் போல.

சிரிச்சாலும் ஒண்ணு உறுத்துச்சும்மா. ஒரு மரம் நிக்கிற இடத்தைக் காப்பாத்த சட்டம், காவல், கணக்கு எல்லாம் இருக்கு. நம்ம ஆளுங்க மலைக்கு வந்து 200 வருசம்னு 2023ல தலைமன்னார்லேருந்து மாத்தளைக்கு நடந்தாங்க. நம்ம லயத்துக் காம்பராவுக்கு இன்னும் காணி உறுதி இல்லை. ஏழு பேர்ச்சஸ் காணி தர்றோம்ங்கிற பேச்சைக் கேட்டுக் கேட்டு அப்பாவுக்குத் தலை நரைச்சுப் போச்சு. அடைமழைன்னா மண்சரிவு எச்சரிக்கை. உடனே பாயைச் சுருட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடணும். அந்த வீட்டுக்காரம்மா மழையைப் புகழ்ந்தப்ப எனக்கு நம்ம கூரைத் தகரம்தான் ஞாபகம் வந்துச்சு. காசு அனுப்பியிருக்கேன். பருவமழைக்கு முன்னால தம்பி தகரத்தை மாத்தணும். போன் வாங்கக் கூடாது.

கிராசலேமாவுல கம்பளி நெசவு பழைய தொழில். கடையில தொங்கினதைத் தொட்டுப் பார்த்தேன், அப்பாயி மழையில போர்த்திக்கிட்டு மலைக்குப் போன கருப்புக் கம்பளிக்கு இருந்த அதே கனம். விலையைக் கேட்காதீங்க, திட்டுவீங்க. உங்களுக்கு ஒண்ணு வாங்கிட்டேன். ஊருக்கு வர்ற ஆள்கிட்ட கொடுத்து அனுப்புறேன். வழக்கம்போல 'நல்லதாச்சே'ன்னு மடிச்சு டிரங்குப் பெட்டிக்குள்ள பூட்டி வைக்கக் கூடாது. வைக்கணும்னா என்கிட்ட முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்கணும். ஜூன்லேருந்து அக்டோபர் வரைக்கும் சீட்டுக் கொடுக்கிறதில்லை.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்