பீச் – தாம்பரம் கேள்வி பதில்

கே: எண்பதுகளில் வெள்ளைக்காரர்கள் ‘நியூ வேவ்’ என்று சின்தசைசரோடு ஆடினார்களே, நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்?
– வாசகர், குரோம்பேட்டை

ப: கேசட்டில் ஏ பக்கம் இளையராஜா, பி பக்கம் மைக்கேல் ஜாக்சன் பதியச் சொல்லி ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் கொடுத்துக்கொண்டிருந்தோம். கடைசிப் பாட்டு எப்போதும் பாதியில் அறுந்துபோகும். சின்தசைசருக்கும் பஞ்சமில்லை. 1986-ல் வந்த ‘விக்ரம்’ கேட்டதில்லையா?

கே: மெட்ராசுக்கென்று ஒரு பேண்டுகூடவா இல்லை?
– பல்லாவரம்

ப: நெமிசிஸ் அவென்யூ. பெயர் என்னவோ மடிப்பாக்கத்து மனைப்பிரிவு மாதிரி இருக்கும். ஆனால் அசல் ராக் குழு. ‘நியூ வேவ்’ என்று நான் முத்திரை குத்தமாட்டேன். தொடங்கியவர் திலீப் என்றொரு கீபோர்டுக்காரப் பையன். ‘ரூட்ஸ்’ என்ற குழுவிலும் சிவமணி, ஜான் அந்தோணி, சுரேஷ் பீட்டர்ஸ் ஆகியோரோடு வாசித்தார்.

கே: அந்தத் திலீப் இப்போது என்ன செய்கிறார்?
– மேற்குத் தாம்பரம்

ப: 2009-ல் ஒரே மேடையில் இரண்டு ஆஸ்கர் வாங்கினார். ஏ.ஆர். ரஹ்மான் என்றால் தெரியும்.

கே: எங்க கிறிஸ்டியன் காலேஜில் படித்தவராமே!
– கிழக்குத் தாம்பரம், பெருமையுடன்

ப: பெருமையைச் சற்றே மடித்து வையுங்கள். அவர் படித்தது சேத்துப்பட்டு கிறிஸ்டியன் காலேஜ் பள்ளியில். 1937-ல் காலேஜ்தான் உங்கள் ஊருக்குக் குடிவந்தது; பள்ளி வரவில்லை.

கே: பேண்டு ஏன் நிலைக்கவில்லை?
– மேடவாக்கம்

ப: சோறு போடாது, அதுதான். இங்கிலீஷ் ராக்குக்கு அன்று கிடைத்த பெரிய மேடை காலேஜ் கல்ச்சுரல்ஸ். ஐஐடியின் ‘மார்டி கிரா’ (இன்றைய சாரங்) மாதிரி. அங்கேயும் கூட்டம் கேட்பது டீப் பர்ப்பிளை. சொந்தப் பாட்டு என்றால் கேன்டீன் பக்கம் நகர்ந்துவிடும். சீசன் முடிந்தால் யார் கூப்பிடுவார்கள்? கல்யாண மண்டபமா? அங்கே மெல்லிசைக் குழுதான் ராஜா. சினிமா ரெக்கார்டிங்கோ வாசித்தால் காசு. திலீப்புக்கு ஒன்பது வயதில், 1976-ல், அப்பா ஆர்.கே. சேகர் போய்விட்டார். அவர் விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டு வீடு நடந்தது. அந்த வீட்டுப் பிள்ளை எத்தனை நாள் ராக் ஸ்டாராக இருக்க முடியும்? இளையராஜா உள்ளிட்டவர்களிடம் கீபோர்டு, அப்புறம் லியோ காபி போன்ற விளம்பரங்கள், 1992-ல் ‘ரோஜா’. கோடம்பாக்கம் இவரை விழுங்கியது என்பார்கள். யார் யாரை விழுங்கினார்கள் என்று ‘ரோஜா’வுக்குப் பிந்தைய பாட்டுகளைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

கே: லண்டனில் பிறந்திருந்தால் பேண்டு பிழைத்திருக்குமோ?
– சேலையூர்

ப: அங்கே மட்டும் என்ன வாழ்ந்தது? 1981 ஆகஸ்ட் 1 அன்று எம்.டி.வி. முதன்முதலில் ஒளிபரப்பிய பாட்டு ‘தி பகிள்ஸ்’ என்ற லண்டன் குழுவுடையது. இரண்டே ஆல்பம், கடை மூடியாச்சு. அதில் பாடிய ட்ரெவர் ஹார்ன் ஸ்டூடியோ கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மற்றவர்களுக்கு ஹிட் கொடுக்கப் போய்விட்டார். கேட்ட கதையாக இல்லை?

கே: ராக்கும் வேண்டாம், பாப்பும் வேண்டாம். எனக்கு டப்பாங்குத்து போதும்.
– சானடோரியம்

ப: ‘சிக்குபுக்கு ரயிலே’, ‘பேட்டை ராப்’ பிடிக்கும்தானே? இரண்டிலும் பாடியவர் மேலே சொன்ன ‘ரூட்ஸ்’ சுரேஷ் பீட்டர்ஸ். 1993-லிருந்தே ராக்குக்கு ஆடிக்கொண்டிருக்கிறீர்கள் சார்.