ஏழு தட்டுக் கொசு இதயம்

வானம் தெளிந்த நாளில் தங்காக் கடைத்தெருவில் நின்று பார்த்தால் குனோங் லேடாங் தெரியும். உயரம் 1,276 மீட்டர். அதன் உச்சியில் ஓர் இளவரசி இருந்தாள், மலாக்கா சுல்தான் மாமுட் அவளைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார், அவள் பதிலுக்கு ஒரு பட்டியல் கொடுத்தாள் என்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. மலாக்காவிலிருந்து மலை வரைக்கும் தங்கத்தில் ஒரு பாலம், வெள்ளியில் ஒரு பாலம். ஏழு தட்டுக் கொசு இதயம். அதைவிடப் பொடிப் பூச்சியின் இதயம் இன்னொரு ஏழு தட்டு. ஒரு தாழி இளம்பாக்குச் சாறு. ஒரு தாழி கண்ணீர். ஒரு கிண்ணம் சுல்தானின் ரத்தம், ஒரு கிண்ணம் அவர் மகனின் ரத்தம்.

கல்யாணத்தில் இஷ்டமில்லாத பெண் சாக்குச் சொன்னாள் என்று எல்லாரும் கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உலோகம், பூச்சி, பாக்குச் சாயம், உப்புத் தண்ணீர், ரத்தம் என்று வரிசையாகப் பாருங்கள். கலப்பு ஊடகக் கலைஞர் ஒருவர் கண்காட்சிக்கு முன்னால் எழுதிக் கொடுக்கும் சாமான் லிஸ்ட் இது, அச்சு அசலாக. அப்படி ஒருவரைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அந்தக் கதையில் யாரும் கவனிக்காத ஆள் ஒருவர் உண்டு. பெண்ணுக்கு ஆசைப்பட்டவர் சுல்தான். ஆனால் மலை ஏறியவர் அவர் இல்லை. தூது போன கூட்டத்தில் மாவீரர் ஹங் துவாவே இருந்தார். இருந்தும் உச்சி வரைக்கும் போய்ப் பட்டியலைக் காதில் வாங்கிக்கொண்டு வந்தவர் துன் மாமாட். தங்கப் பாலத்தைப் பற்றிப் படம் எடுத்தார்கள், பாட்டு எழுதினார்கள். மூச்சு வாங்க இறங்கி வந்த துன் மாமாட்டுக்கு யாரும் ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்ததாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் துன் மாமாட் நான்.

என் மனைவி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிதில் நீர்வண்ணம் தீட்டினாள். அது பொற்காலம். ஒரு டப்பா சாயம், ஒரு கிளாஸ் தண்ணீர், மேசையில் ஓரமாக ஓர் இடம். எப்போதாவது நான் அந்தத் தண்ணீரைக் குடிக்கப் போவேன், அதோடு சரி. பிறகு கோலாலம்பூரில் பாலாய் செனி நெகாராவுக்குப் போய் வந்தாள். 1958-இல் தொடங்கிய தேசியக் கலைக்கூடம், குற்றம் சொல்ல முடியாத இடம். அங்கே படத்தின் மேல் துணி ஒட்டியிருப்பதையும், மரம் அறைந்திருப்பதையும், கம்பி நீட்டிக்கொண்டிருப்பதையும் பார்த்திருக்கிறாள். வரும் வழியில் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் காப்பி குடித்துவிட்டு அந்தக் காகிதக் கோப்பையைக் கைப்பைக்குள் வைத்தாள். எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

இப்போது தனிநபர் கண்காட்சி. தங்காக்கிலேயே, ஒரு பழைய கடைவீட்டின் மாடியில். கீழே துணிக்கடை. தங்காக்கில் எந்த மாடிக்குக் கீழே துணிக்கடை இல்லை என்று கேட்பீர்களானால் அதுவும் சரிதான். நோன்புப் பெருநாளும் தீபாவளியும் நெருங்கினால் மூவாரிலிருந்தும் மலாக்காவிலிருந்தும் சிகாமட்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாகத் துணி எடுக்க வந்து இறங்கும் ஊர் இது. துணி எடுத்தால் மாட்டிறைச்சி மீ, மாட்டிறைச்சி மீ சாப்பிட்டால் மறுபடி துணி. நானும் அப்படி ஒரு கடையில் மீட்டர் கோலோடு காலத்தைக் கழித்தவன். சுருளில் கடைசியாக மிஞ்சும் அரை மீட்டர், முக்கால் மீட்டர்த் துண்டுகளைக் கடை முதலாளியான தவுக்கே எனக்குச் சும்மா கொடுப்பார். கைப்பிடித் துணிக்கு ஆகும் என்று கொண்டுவந்து போட்டவை பிறகு எங்கள் வரவேற்பறைச் சுவரில் ‘நதி’ என்ற பெயரில் நின்றன. நல்ல நதிதான். ஆனால் சூடான சட்டியை இறக்கப் பிடிதுணி இல்லை.

துணியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மரச்சாமான் தொழிலுக்குப் பேர்போன மூவார் பக்கத்தில் இருக்கிறது. நாற்காலி செய்யும்போது அறுத்துத் தள்ளும் ரப்பர் மரத் துண்டுகள் அங்கே மூட்டை கணக்கில் கிடைக்கும் என்று யாரோ ஒரு புண்ணியவான் அவளிடம் சொல்லிவிட்டார். மூட்டையை என் காரில் ஏற்றித் தந்த தொழிற்சாலைத் தம்பி, “அடுப்பெரிக்கவா அங்கள்?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். அது சீக்கிரம் முடிகிற பதில்.

ரப்பர் மரம் வந்தால் ரப்பர் பால் வராமல் இருக்குமா? அவள் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். மரத்துப் பட்டையில் காய்ந்து ஒட்டியிருப்பதை உரித்தெடுக்கும் ஒட்டுப்பால், மங்கில் உறைந்த கட்டிப்பால் இரண்டும் வேண்டும் என்றாள். ஒட்டுப்பாலின் வாசனை தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு விளக்குவது பாவம். அதைப் பலகையில் அடுக்கி, நடுவில் தன் அப்பாவின் பால் வெட்டும் உளியைப் பதித்தாள். பக்கத்து வீட்டு மக்சிக் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து எங்கள் சாக்கடை அடைத்துக்கொண்டதா என்று கேட்டார். என் மாமியார் மட்டும் அந்தப் படத்தின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, “உங்க மாமா வேலை முடிஞ்சு வந்த மாதிரி இருக்கு மாப்பிள்ளை” என்றார். அதற்கப்புறம் ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்த மாமியாரே வேறொரு நாள் மனைவியின் கலைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அமெரிக்கர் ராபர்ட் ரவுஷன்பர்க் 1950களில் செய்த ஒரு படைப்பு அதில் இருந்தது. பாடம் செய்த ஆடு, அதன் இடுப்பில் ஒரு கார் டயர். உலகப் புகழ் பெற்றது. ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாமியார் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, “எந்தச் சாமிக்கு நேர்ந்துவிட்டது?” என்றார். மாலைக்குப் பதில் டயர் போட்டிருக்கிறார்களே என்பதுதான் அவருக்கு வருத்தம்.

ஒட்டும் கலைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் பிக்காசோ என்று புத்தகங்கள் சொல்கின்றன. 1912-இல் நாற்காலிப் பிரம்புப் பின்னல் அச்சடித்த மெழுகுத் துணியைப் படத்தில் ஒட்டி, சுற்றிலும் நிஜக் கயிற்றைக் கட்டினாராம். தஞ்சாவூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். பலாப் பலகை, அதன்மேல் துணி, துணிமேல் சுண்ணப் பூச்சு, கல், தங்கத் தகடு, கடைசியில் சாயம் என்று சாமி படம் செய்தவர்கள் அவர்கள். அதைப் பூஜை அறையில் மாட்டி விளக்கேற்றினோமே தவிர, கலப்பு ஊடகம் என்று யாரும் திறப்பு விழா வைக்கவில்லை.

செய்தித்தாள் ஒட்டும் கட்டம் வந்தபோதுதான் வீட்டில் உண்மையான கருத்து வேறுபாடு. என்னிடம் பழைய ‘தமிழ் நேசன்’ கட்டு ஒன்று இருந்தது. 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன பத்திரிகை. இனி வராத தாளில் கத்தரிக்கோல் வைக்கக் கூடாது என்பது என் கட்சி. கரையானுக்குப் போவதைவிடக் கண்காட்சிக்குப் போகட்டும் என்பது அவள் கட்சி. கரையான் அவள் பக்கம் சாட்சி சொன்னதால் தோற்றேன். ஒட்டிய பிறகு வேறு சிக்கல். வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் படத்தைப் பார்ப்பதில்லை, படிக்கிறார்கள். ஒரு நண்பர் தலைகீழாக ஒட்டியிருந்த மரண அறிவித்தலைக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் படித்து, தனக்கு வேண்டியவர் ஒருவர் போய்ச் சேர்ந்ததை அங்கேதான் தெரிந்துகொண்டார். பத்து வருடம் தாமதமாகத் துக்கம் விசாரிக்கக் கிளம்பியவரை நான்தான் தடுத்து உட்கார வைத்தேன்.

இதையெல்லாம் நான் பொறுத்துப்போவதற்குக் காரணம், எங்கள் நாட்டுக் கலை வரலாற்றில் இதைவிடப் பெரிய சோதனைகள் நடந்திருப்பதுதான். 1974-இல் ரெட்சா பியாடாசாவும் சுலைமான் ஈசாவும் கோலாலம்பூரில் டேவான் பஹாசா மொழி நிறுவனத்தில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். பறவையைப் பறக்கவிட்ட பின் வெறும் கூண்டு. பாதி குடித்து வைத்த இரண்டு கோக்கக்கோலா போத்தல். முடிதிருத்தும் கடையிலிருந்து அள்ளி வந்த முடி. கிள்ளான் குப்பைமேட்டில் கண்டெடுத்த மழைக்கோட்டு. அந்த வருடம் மார்ச் 25 இரவு கொசு விரட்ட ஏற்றி, எரிந்து முடிந்த கொசுவத்திச் சுருள்கள். எல்லாவற்றுக்கும் சீட்டு, சிலவற்றுக்குத் தேதி, மணி, நிமிஷம் எல்லாம் போட்டு. லேடாங் இளவரசி கேட்ட கொசு இதயத்துக்கு மலேசியக் கலை மிக அருகில் போனது அந்த இரவில்தான் என்று நினைக்கிறேன். அந்த நிகழ்ச்சிக்கு வந்திருந்த கவிஞர் சாலே பென் ஜோனெட், கலைஞர்கள் வெளியிட்ட கொள்கை அறிக்கையின் மேல் சிறுநீர் கழித்தார். பிறகு ஏன் கழித்தேன் என்று விளக்கிப் பத்திரிகையில் கட்டுரையும் எழுதினார்.

இதை மனைவியிடம் சொன்ன நாள் முதல் அவளுக்கு அழைப்பிதழில் ஒரு கவலை. எங்கள் வட்டாரத்தில் கவிஞர் இல்லாமல் திறப்பு விழா கிடையாது. நம் ஆட்கள் வாழ்த்துப்பா பாடுவதோடு நிறுத்திக்கொள்வார்கள், அதுவும் நீளத்தில்தான் தொல்லை என்று ஆறுதல் சொல்லியிருக்கிறேன். எதற்கும் இருக்கட்டும் என்று மாடிக் கழிவறைக்குப் போகும் வழியைக் காட்டி இரண்டு மொழியில் பலகை எழுதிவிட்டேன்.

பலகை, சீட்டு எழுதுவதெல்லாம் என் இலாகா. ஒவ்வொரு படத்துக்கும் பெயர், அளவு, பொருள், விலை. பொருள் என்ற இடத்தில் ‘கலப்பு ஊடகம்’ என்று எழுதினால் போதும் என்பாள். அந்த ஒரு வார்த்தைக்குள் என் கார் டிக்கி, என் பிடிதுணி, என் தமிழ் நேசன் எல்லாம் அடங்கிவிடுவதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. விரிவாகவே எழுதினேன்: ‘பருத்தித் துணி, ரப்பர் மரம், ஒட்டுப்பால், செய்தித்தாள், உளி, வெள்ளைப் பசை’. பசையை ஏன் எழுதினீர்கள் என்றாள். அதுதான் அதிகம் செலவானது என்றேன்.

போன வாரம் படங்களைக் காரிலிருந்து இறக்கி, மாடிக்கு ஏற்றுமுன் கடை வாசல் அஞ்சடியில் சாய்த்து வைத்தோம். சுவர்ப் பூச்சு காயவில்லை, காத்திருக்க வேண்டியிருந்தது. ‘தொடாதீர்கள்’ என்று மூன்று மொழியில் எழுதிய பலகையை நடுவில் வைத்தேன். துணி ஊரில் அதைப் போன்ற வீண் வேலை வேறில்லை. வந்தவர், போனவர், காய்கறிப் பையோடு நின்றவர், எல்லாரும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் என் மனைவியின் நதியைக் கசக்கிப் பார்த்தார்கள். ஒருவரும் இதன் அர்த்தம் என்ன என்று கேட்கவில்லை. சாயம் போகுமா என்று கேட்டார்கள். சுருங்குமா என்று கேட்டார்கள். ஓர் அம்மா குனிந்து பின்பக்கத் தையலைப் பார்த்து, “பிடிச்சுத்தான் தச்சிருக்கு” என்று நற்சான்று கொடுத்தார்.

அப்போது கீழ்க்கடைத் தவுக்கே வெளியே வந்தார். என் பழைய தவுக்கே இல்லை, இவர் வேறு, ஆனால் அதே விரல். சீட்டைப் படித்தார். ‘பருத்தி’ என்ற இடத்தில் நின்றார். நதியின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்துப் பற்ற வைத்தார். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை வந்து சாம்பலாக உதிரும். இது உருகிக் கறுத்துக் குண்டுமணியாகச் சுருண்டது. அதை என் உள்ளங்கையில் வைத்து, “பாலியஸ்டர்” என்றார்.

மனைவி முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டே திரும்பினேன். அவள் கண் கலங்கியிருந்தது, சந்தோஷத்தில். கோலாலம்பூரில் ஒரு கூட்டுக் கண்காட்சியில் அவள் படம் இருந்தபோது, கையில் பழச்சாறோடு வந்தவர்கள் இரண்டடி தள்ளி நின்று, “சுவாரசியம்” என்று சொல்லிவிட்டு வடைத் தட்டைத் தேடிப் போனார்கள். இங்கே ஒரு மனிதர் அவள் படத்திலிருந்து நூல் எடுத்து எரித்தே பார்த்துவிட்டார். அவருக்கு அங்கேயே காப்பி வாங்கி வரச் சொன்னாள். யாரை வாங்கி வரச் சொன்னாள் என்று கேட்க வேண்டாம்.

நான் காப்பியோடு திரும்பியபோது, தையலைப் பாராட்டிய அந்த அம்மா இன்னும் போகவில்லை. நதியின் வலது மூலையில் இருக்கும் மயில்கழுத்து நிறத் துண்டு தன் சேலைக்குச் சரியாகப் பொருந்துகிறது என்றும், ரவிக்கைக்கு எண்பது சென்டி இருந்தால் போதும் என்றும், மீதிப் படம் தனக்கு வேண்டாம் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். மீட்டர் என்ன விலை என்று கேட்டார். படம் முழுசாக ஆயிரத்து இருநூறு வெள்ளி என்று சீட்டில் எழுதியிருந்தது. மனைவி சற்று யோசித்தாள். பிறகு என்னைப் பார்த்து, “என்னங்க, உங்க பழைய மீட்டர் கோல் வீட்லதானே இருக்கு?” என்றாள்.