கெட்டிமேளமும் ஒரு ஹூக்குதாம்லே

ஏலே தம்பி, வேர்ட்பிரஸுக்குப் பிளக்இன் எழுதுதேன்னு லேப்டாப்பு முதுகுல ஸ்டிக்கரா ஒட்டிக்கிட்டுத் திரியுத. சந்தோசம். ஆனா கோர் ஃபைலுக்குள்ளயே கையை விட்டு எழுதி வச்சிருக்கியாமே? அடுத்த அப்டேட்டு வந்து வழிச்சுத் துடைச்சிட்டுப் போயிரும். அப்ப யாருகிட்ட போயி ஒப்பாரி வைப்ப?

இதுக்குத்தானே 2004-லயே, 1.2 பதிப்புலயே, ஹூக்குன்னு ஒண்ணு வேர்ட்பிரஸ்காரன் வச்சுக் கொடுத்தான். கல்யாண வீட்டுல ஐயரு 'கெட்டிமேளம்'னதும் மேளக்காரரு வெளுத்து வாங்குதாரு, சனம் அட்சதை போடுது. யாராவது ஐயரு மந்திரத்தைத் திருத்துனாங்களா? டூ ஆக்‌ஷன்னா அந்தக் குரல். ஆட் ஆக்‌ஷன்னா, 'குரல் கேட்டதும் என்னையும் கூப்பிடு'ன்னு முன்கூட்டியே சொல்லி வைக்கது. அம்புட்டுதான். இதுக்கு எத்தனை மீட்டிங்குலே போடுவீக?

ஒரே ஹூக்குல பல பேரு ஃபங்ஷனை மாட்டுனா, யாரு முந்தின்னு ஒரு எண்ணு உண்டு. நீ ஒண்ணும் சொல்லலைன்னா 10. சின்ன எண்ணு முதல்ல ஓடும். உங்க ஆளுகளுக்கு அது காணுமா? கடைசி வார்த்தை என்னுதா இருக்கணும்னு ஒருத்தன் 9999 போடுதான். அடுத்தவன் பிஎச்பி இன்ட் மேக்ஸுங்கான். மூணாவது வாரவனும் அதையே போட்டா?

இன்னொரு கூத்து. 'சேவ் போஸ்ட்'ங்கிற ஹூக்குல ஃபங்ஷனை மாட்டிட்டு, அதுக்குள்ளயே 'டபிள்யூபி அப்டேட் போஸ்ட்'டைக் கூப்பிடுதான். அது திரும்ப சேவ் போஸ்ட்டை எழுப்பும், அது திரும்ப இவனை எழுப்பும். மேளக்காரரே 'கெட்டிமேளம்'னு கத்திக்கிட்டுக் கெடந்தா மாப்பிள்ளை எப்பலே தாலி கட்டுவான்? சர்வரு மூச்சு முட்டிச் சாயுது. நம்ம தொரை உடனே, ஹோஸ்டிங் சரியில்ல, பெரிய பிளானா வாங்குவோம்ங்காரு. கிளையண்டு காசுதானே!

இதுக்கு வழி இருக்குலே. ரிமூவ் ஆக்‌ஷன் போட்டு உன் ஃபங்ஷனைக் கழட்டு, வேலையை முடி, திரும்ப மாட்டு. மாட்டுன எண்ணையே சொல்லிக் கழட்டணும், ஆமா. 20-ல மாட்டிட்டு எண்ணே சொல்லாமக் கழட்டுனா, அது 10-ல போயித் தேடும்; உன்னுது அசையாது. பேரில்லாத ஃபங்ஷனா மாட்டியிருந்தா? எதைச் சொல்லிக் கூப்பிட்டு அதைக் கழட்டுவ?

ஆமா, உன் ஃபங்ஷனுக்கு என்ன பேரு வச்ச? 'சேவ் டேட்டா'வா? வெளங்குனாப்புலதான். இன்னொரு பிளக்இன்காரனும் அதே பேரை வச்சிருந்தா சைட்டு அப்படியே படுத்துக்கிடும்லே. முன்னால உன் இனிசியலையாவது போடு.