இடப்பக்கம் ஏறிய வண்டி

பொன்மலை ஜி கார்னரில் முந்துவதற்கு வலம், இடம் என்ற பேதமெல்லாம் பைக்காரர்களுக்குக் கிடையாது. சந்து தெரிந்தால் போதும். பஸ்ஸுக்கும் தடுப்புக்கும் நடுவே நுழைந்த பைக், முன்னால் போகும் ஸ்கூட்டரை உரசிச் சாய்கிறது. முதலில் எழுவது ஆளல்ல, குரல்: "கண்ணு தெரியலையாண்ணே?"

அப்புறம்தான் இன்சூரன்ஸ் ஞாபகம் வரும். 2018 செப்டம்பர் முதல் புது பைக்குக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அது இடிபட்டவருக்கு, இடித்தவரின் ஹெட்லைட்டுக்கு அல்ல. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்துக் கட்டியவர் சற்றே நிமிர்ந்து உட்காருவார். சர்வேயர் வந்து, வழக்கமான பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானக் கழிவு 50 சதவீதம் என்பார். இன்றைய பைக்கில் பிளாஸ்டிக் போக மிச்சம் என்ன, சைலன்சரும் மாதத் தவணையும்தானே?

அருகிலேயே, பொன்மலை ரயில்வே பணிமனையில், ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினையே புதிதாகச் செய்து அனுப்பியிருக்கிறார்கள்.

ஆனால் இங்கே, உடைந்த ஒரு மட்கார்டுக்கு மெக்கானிக் சொல்வது: "பார்ட்ஸ் வரணும் சார், வியாழக்கிழமை வாங்க." எந்த வியாழக்கிழமை என்று கேட்பது மரபல்ல.