பெரிய பிடிலும் சின்ன ஆம்பும்: கேள்வி-பதில்

கேள்வி: டபுள் பேஸ் ஆறடி உயரம் நிற்கிறது. என் வயலின் அதன் கழுத்தளவுகூட இல்லை. அப்படிப்பட்ட வாத்தியத்துக்கு எதற்கு மைக், ஆம்ப் எல்லாம்? (வயலின் மாணவி, திருச்சி)

பதில்: உருவத்தைப் பார்த்து ஏமாந்துவிட்டீர்கள். வாசிக்க வேண்டிய ஸ்வரத்தை வைத்துப் பார்த்தால் அது ரொம்பச் சின்ன வாத்தியம். அதன் கனமான தந்தி விநாடிக்கு 41 தடவை அதிர்கிறது. அந்த ஒலியலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல். அதை உள்ளபடி காற்றில் தள்ளும் அளவுக்குப் பெட்டி செய்தால் வாசிப்பவர் ஏணி போட்டு ஏற வேண்டியிருக்கும். ஆகவே அடி ஒலி பலவீனமாகத்தான் வெளியே வருகிறது. மேலே உள்ள கிளை ஒலிகளைக் கேட்டு, விட்ட இடத்தை நம் காதே நிரப்பிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, கீழ் ஸ்வரங்களில் நம் காது மந்தம். அமைதியான அறையில் இதெல்லாம் தெரியாது. பக்கத்தில் ஒரு டிரம்ஸ் செட் வந்து உட்காரட்டும், தெரியும்.

கேள்வி: அப்படியானால் ஆம்ப் வருவதற்கு முன்னால் என்ன செய்தார்கள்?

பதில்: அடித்தார்கள். நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ்காரர்கள் தந்தியை இழுத்து விட்டு, அது விரல் பலகையில் ‘படார்’ என்று அறையும்படி வாசித்தார்கள். பில் ஜான்சன், பாப்ஸ் ஃபாஸ்டர் எல்லாம் இதில் கில்லாடிகள். அந்தக் காலத்தில் ஆட்டுக் குடல் தந்தி. பலகையிலிருந்து எட்ட நிற்கும். ராத்திரி முழுக்க அப்படி வாசித்தவர்களின் விரல்களை நினைத்துப் பாருங்கள். 1954இல் மெம்ஃபிஸ் நகரத்து சன் ஸ்டுடியோவில் எல்விஸ் பிரெஸ்லி முதல் ரெக்கார்டு கொடுத்தபோது டிரம்ஸே கிடையாது. பில் பிளாக் தன் பேஸில் அடித்த அடிதான் தாளமும்.

ஜாஸ் குழு நடத்திய டியூக் எலிங்டன் வேறு வழி பிடித்தார். 1939இல் ஜிம்மி பிளாண்டன் என்ற இளைஞர் குழுவில் சேர்ந்ததும் அவரைப் பின்வரிசையிலிருந்து மேடையின் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். மற்ற ஏற்பாடுகளையும் அவர் பார்த்துக்கொண்டார்: பிளாண்டன் வாசிக்கும் இடத்தில் குழு அடங்கி வாசிக்கும்படி எழுதினார். பிளாண்டன் 1942இல் காசநோயால் இறந்தபோது வயது 23தான். அதற்குள் பேஸ் தனியாகவும் பேசும் என்று உலகத்துக்குக் காட்டிவிட்டுப் போனார். மற்றவர்கள் அடங்கி வாசிப்பது என்ற, மின்சாரம் செலவில்லாத அந்த ஆம்பை இன்றைக்கும் எந்தக் குழுவும் இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். யாரும் வாங்குவதில்லை.

கேள்வி: முதலில் பேஸுக்குள் மைக் வைத்தவர் யார்?

பதில்: முதல் ஆள் யார் என்று பஞ்சாயத்து வைக்காமல், அதைத் தொழிலாக்கியவரைச் சொல்கிறேன். எவரெட் ஹல். அவரும் பேஸ் வாசித்தவர். 1940களில், வாத்தியம் தரையில் ஊன்றி நிற்கும் அந்தக் கம்பி இருக்கிறதே, அதன் வழியாக ஒரு மைக்கை வயிற்றுக்குள் அனுப்பினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஆம்பெக் நிறுவனம். பின்னாளில் ராக் இசைக்காரர்கள் ஆம்பின் குமிழை முழுசாகத் திருகி ஒலியை உடைத்து வாசித்தது ஹலுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ராக் இசைக் கலைஞர்கள் உலகெங்கும் அவர் நிறுவனத்து ஆம்பை வாங்கித் திருகியதுதான் வேடிக்கை.

கேள்வி: சவுண்ட் செக்கில் நன்றாக இருக்கிறது. நிகழ்ச்சி தொடங்கி மூன்றாவது பாட்டில் என் பேஸ் ‘ஊஊம்ம்’ என்று ஊளையிட ஆரம்பிக்கிறது. பாடகி முறைக்கிறார். என்ன செய்ய? (பேஸ் வாசிப்பவர், பெங்களூரு)

பதில்: முதலில் நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள். பேஸின் மேல்பலகை சில மில்லிமீட்டர் கனம்தான், உள்ளே காலி. ஸ்பீக்கரிலிருந்து வரும் காற்று அந்தப் பலகையைத் தள்ளுகிறது. பலகை, தந்திகளைத் தாங்கி மேலே நிற்கும் குதிரையை (பிரிட்ஜ்) ஆட்டுகிறது. குதிரையில் ஒட்டியிருந்து அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்அப் அதையும் வாசிப்பு என்று நம்பி ஆம்புக்கு அனுப்புகிறது. ஆம்ப் பெருக்கித் திரும்பவும் பலகை மேல் எறிகிறது. நீங்கள் சும்மா நின்றாலும் வாத்தியம் தன்னைத் தானே வாசித்துக்கொள்கிறது. எந்த ஸ்வரத்தில் அந்தக் கட்டை அதிகம் இணங்குகிறதோ அந்த ஸ்வரத்தில். பெரும்பாலும் 60க்கும் 110 ஹெர்ட்ஸுக்கும் நடுவில் எங்காவது. மூன்றாவது பாட்டில் ஏன் என்றால், அதற்குள் டிரம்ஸ் சூடாகிவிட்டது, நீங்கள் கொஞ்சம், கிட்டார்காரர் கொஞ்சம், மறுபடி நீங்கள் கொஞ்சம் என்று ஏற்றியிருப்பீர்கள்.

முதலில் காலை நகர்த்துங்கள். ஸ்பீக்கர் பேஸின் முகத்தைப் பார்க்கக் கூடாது. 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எனவே இரண்டடி மூன்றடி தள்ளி நின்றாலே, அலை பலகையைத் தள்ளுகிற நேரம் மாறி, ஊளை அடங்குவது உண்டு. நகர இடமில்லையா? பிக்அப்புக்கும் ஆம்புக்கும் நடுவில் இருக்கும் ப்ரீஆம்பில் ‘ஃபேஸ்’ என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அதைத் தட்டினால் இழுப்பது தள்ளுவதாகும், தள்ளுவது இழுப்பதாகும். எந்தப் பக்கம் நல்லது என்று சாஸ்திரம் கிடையாது. அந்த மேடையில் எது அமைதியோ அது. பலகை அடித்த மேடையென்றால் ஆம்பைத் தரையில் வைக்காதீர்கள். மேடை மொத்தமும் இன்னொரு பேஸ் ஆகிவிடும். நாற்காலி மேல் ஏற்றுங்கள்.

அப்புறம் நாட்ச் ஃபில்டர், அதாவது ஒரு ஸ்வரத்தின் அக்கம்பக்கத்தை மட்டும் வெட்டும் வடிகட்டி. இதைப் பார்வையாளர்கள் வருவதற்கு முன் செய்ய வேண்டும். தந்திகளைத் தொடாமல் விட்டுவிட்டு ஆம்பை மெதுவாக ஏற்றுங்கள். ஒரு கட்டத்தில் லேசாக முனக ஆரம்பிக்கும். உடனே பயந்து குறைக்காமல், அந்த முனகல் எந்த ஸ்வரம் என்று விரல் பலகையில் தேடுங்கள். ஜி தந்தியின் திறந்த ஸ்வரத்துக்கு அக்கம்பக்கத்தில் அகப்பட வாய்ப்பு அதிகம். கிடைத்ததும் நாட்ச் குமிழை அங்கே கொண்டுபோய், முனகல் நிற்கும்வரை மட்டும் வெட்டுங்கள். அதற்குமேல் வெட்டினால் அந்த ஸ்வரத்தை வாசிக்கும்போது பாட்டில் பள்ளம் விழும். கூடவே ஹை-பாஸ் ஃபில்டரால் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையெல்லாம் தள்ளுங்கள். அங்கே இசை கிடையாது. மேடை அதிர்வும் காலடிச் சத்தமும்தான். வாசிக்காத தந்திகளைக் கையால் அமுக்கி வையுங்கள். இதற்குப் பிறகும் ஊளை வந்தால் எஃப் வடிவத் துளைகளில் ஸ்பாஞ்ச் அடைப்பதும் உண்டு. ஆனால் அங்கே போய்விட்டீர்கள் என்றால் ஆம்ப் அளவுக்கு மேல் போய்விட்டது என்றுதான் நான் சொல்வேன்.

கேள்வி: பீசோ பிக்அப்பை நேராக மிக்ஸரில் சொருகினேன். தகர டப்பாவில் ரப்பர் பேண்ட் கட்டி மீட்டியதுபோல் இருந்தது. பிக்அப் போலியா?

பதில்: பிக்அப்பைத் திட்டாதீர்கள், சொருகிய இடத்தைத் திட்டுங்கள். பீசோ என்பது மின்சாரக் கணக்கில் ஒரு சின்ன கெப்பாசிட்டர். அதை வாங்கும் கருவியின் மின்தடை குறைவாக இருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு வடிகட்டியாகிக் கீழ் ஸ்வரங்களைக் கழித்துவிடும். ஒரு நானோஃபாரட் பீசோவை 1 மெகாஓம் உள்ளீட்டில் போட்டால் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரியத் தொடங்கும். உங்கள் நாலு தந்தியில் ஜிகூட 98தானே! அதே பீசோவை 10 மெகாஓமில் போட்டால் சரிவு 16 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும், காதுக்கு எட்டாது. மிக்ஸரின் சாதாரண லைன் உள்ளீடு 1 மெகாஓமில் ஒரு சின்னப் பங்குதான் இருக்கும். நடுவில் ஒரு நல்ல ப்ரீஆம்ப் வையுங்கள். புது பிக்அப் வாங்கும் செலவு மிச்சம்.

கேள்வி: மைக் நல்லதா, பிக்அப் நல்லதா?

பதில்: மைக்கில் மரம் கேட்கும், கூடவே டிரம்ஸும், டிரம்பெட்டும், முன்வரிசை மாமாவின் இருமலும் கேட்கும். பிக்அப்பில் தந்தி மட்டும் கேட்கும், அதுவும் கொஞ்சம் மூக்கால். 1970களின் ஜாஸ் ரெக்கார்டுகளில் அந்த மூக்கொலியை ஏராளமாகக் கேட்கலாம். வசதி உள்ளவர்கள் இரண்டையும் வைத்து, அடியைப் பிக்அப்பிலும் மேல்பகுதியை மைக்கிலும் எடுப்பார்கள். அப்படிச் செய்தால் மைக்கின் கீழ்ப்பகுதி தானாகவே வெட்டப்படுவதால் ஊளையும் குறையும்.

வசதி இல்லாதவர்களுக்கு ஒரு பழைய வித்தை. ஷூர் எஸ்எம்57 மைக்கின் உடம்பில் மெத்தை ஸ்பாஞ்சை நாலைந்து சுற்று சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, குதிரையின் இரண்டு காலுக்கு நடுவில் இருக்கும் பொந்தில் திணித்துவிடுங்கள். தலை மட்டும் வெளியே மேல்நோக்கிப் பார்க்கட்டும். வாத்தியம் எப்படி ஆடினாலும் மைக்கும் கூடவே ஆடும். பார்க்க அசிங்கம். கேட்க, விலை உயர்ந்த கிளிப் மைக்குக்கு அதிகம் இளைத்ததில்லை.

கேள்வி: எங்கள் குழுவின் பேஸ்காரர் வாசிப்பது எனக்குக் கேட்பதே இல்லை. ஏற்றச் சொன்னால் ஊளையிடும் என்கிறார். (டிரம்ஸ் வாசிப்பவர், கோவை)

பதில்: நீங்கள் இறங்குங்கள்.

கேள்வி: இவ்வளவு தொல்லை எதற்கு? பேஸ் கிட்டார் வாங்கிவிட்டால் போதாதா? ஸ்வரம் ஒன்றுதானே?

பதில்: ஒன்றுதான். இந்தக் கேள்விக்கு 1951இலேயே லியோ ஃபெண்டர் பதில் சொல்லி, பிரிசிஷன் பேஸ் என்று கடையிலும் வைத்துவிட்டார். திடக் கட்டை, ஊளை கிடையாது. விரல் வைக்கும் இடத்துக்குக் கட்டுகள் வேறு. நடனக் குழுக்களும் ராக் குழுக்களும் கூட்டமாக மாறிப்போனதில் தப்பே இல்லை. சத்தமான மேடையில் நானே அதைத்தான் சிபாரிசு செய்வேன். ஆனால் டபுள் பேஸில் ஒரு ஸ்வரம் ‘தொம்’ என்று எழுந்து, மலர்ந்து, தானாகவே அடங்கி அடுத்ததற்கு வழிவிடும். பேஸ் கிட்டாரில் அது நீங்கள் நிறுத்தும்வரை நிற்கும். ஜாஸ் நடைக்கு அந்த அடங்கல் வேண்டும். ஆம்பை அதிகம் ஏற்றினால் முதலில் செத்துப்போவதும் அந்த அடங்கல்தான். பேஸ் கிட்டார் ஒலியைத் தர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைவானேன்?

கேள்வி: நம் ஊர்க்காரர் யாராவது இந்தப் பக்கம் வந்திருக்கிறார்களா?

பதில்: சென்னையில் பிறந்த எல்.சங்கர் பேஸ் வாசிக்காமலே பேஸுக்குள் நுழைந்தவர். ‘சக்தி’ என்ற இசைக்குழுவில் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினோடு வாசித்த வயலின் கலைஞர். அமெரிக்காவில் கென் பார்க்கர் என்ற கைவினைஞரிடம் பத்துத் தந்தி, இரண்டு கழுத்து கொண்ட மின் வயலின் ஒன்றைச் செய்து வாங்கினார். வயலினில் தொடங்கி டபுள் பேஸ் எல்லைவரை அதில் இறங்கலாம். தோளில் வைத்து வாசிக்கிற பேஸ்! பயணத்தில் அதற்கென்று தனி டிக்கெட் வாங்க வேண்டாம்.

கேள்வி: மேடையில் வில் போட்டு வாசிக்கும்போது மட்டும் கரகரவென்று காதைக் கிழிக்கிறது. ஏன்?

பதில்: வில்லின் உரசல் முழுவதும் குதிரை வழியாகத்தான் இறங்குகிறது, பீசோவும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. ஆம்பில் மேல் ஒலிகளை (ட்ரெபிள்) குறையுங்கள். ஒலியளவுக்கு ஒரு கால் பெடல் வைத்துக்கொண்டு, வில்லை எடுக்கும்போது இறக்குங்கள். சிலர் வில்லுக்கு மட்டும் மைக்கை நம்புவார்கள், அது உத்தமம்.

கேள்வி: பேஸை வீட்டிலிருந்து மேடைக்குக் கொண்டுபோவது எப்படி? ஆட்டோவில் ஏறவில்லை.

பதில்: ஊன்றுகம்பியைக் கழற்றிவிட்டு அந்தத் துளையிலேயே மாட்டும் சக்கரம் கிடைக்கிறது. தள்ளிக்கொண்டே போகலாம், வழியில் குறைந்தது ஒருவராவது “புல்லாங்குழல் வாசித்திருக்கலாமே” என்பார். உலகம் முழுக்க பேஸ்காரர்கள் கேட்டுச் சலித்த ஜோக் அது. அவர் சிரித்து முடிக்கும்வரை நில்லுங்கள். முடிந்ததும் ஆம்பை அவர் கையில் கொடுங்கள்.